ஒன்பது போதாத ஊர்

2021-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி 12 ஆட்டம் ஆடி 9-இல் தோற்றது. தோற்ற ஒன்பதிலும் வித்தியாசம் ஒற்றை இலக்கம்தான். 3 புள்ளி, 5 புள்ளி, 7 புள்ளி; மிஞ்சிப்போனால் 9. ஒன்பது தோல்விகளின் வித்தியாசத்தையும் கூட்டினால் 56 வரும். அதே ஆண்டில் நார்த்வெஸ்டர்ன் அணியை ஒரே ஆட்டத்தில் 56–7 என்று துவைத்துப் போட்டவர்கள் இவர்கள். ஆண்டு முழுக்க எடுத்த புள்ளிகளிலிருந்து விட்டுக்கொடுத்த புள்ளிகளைக் கழித்தால் நெப்ராஸ்காவுக்கு 63 மிச்சம் நிற்கும். கணக்கில் லாபம், கையில் 3–9.

மோசமான அணி தோற்கும் விதம் விளையாட்டு பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். முதல் பாதியிலேயே கதை முடிந்துவிடும். எழுந்துபோய் தோட்ட வேலை பார்க்கலாம், மளிகைக் கடைக்குப் போய்வரலாம். இந்த அணி அப்படி ஒரு விடுதலையைத் தன் ரசிகர்களுக்குத் தந்ததே இல்லை. கடைசி நாலு நிமிஷம் வரை உட்காரவைத்து, அதற்குப் பிறகுதான் தோற்கும். 40 புள்ளியில் தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். 3 புள்ளியில் தோற்றால் அடுத்த சனிக்கிழமை திரும்ப வந்துதான் ஆக வேண்டும்.

இங்கே கால்பந்து என்றால் அமெரிக்கக் கால்பந்து. நீள்முட்டைப் பந்து, தலைக்கவசம், ஒரு அடி எடுத்துவைக்க நாற்பது நிமிஷம் யோசிப்பது போலத் தோன்றும் ஆட்டம். கல்லூரிப் போட்டி என்றதும் நம் ஊர்க் கல்லூரி மைதானங்களை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடாது. நெப்ராஸ்கா மாநிலத்தின் மக்கள்தொகை 20 லட்சத்தை ஒட்டியது. சோளம், மாடு, நீண்ட குளிர்காலம். பெரிய தொழில்முறை அணி எந்த விளையாட்டிலும் அங்கே கிடையாது. லிங்கன் நகரில் 1923-இல், போரில் மாண்டவர்களின் நினைவாகக் கட்டிய மெமோரியல் ஸ்டேடியம் இருக்கிறது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையில் ஒமாஹாவுக்கும் லிங்கனுக்கும் அடுத்தபடியாக மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அந்த அரங்கம்தான் என்பார்கள். கணக்குப் பார்த்தால் அது உண்மையும்கூட. 1962 நவம்பர் 3-இல் மிசூரி அணியோடு நடந்த ஆட்டத்திலிருந்து இன்றுவரை உள்ளூர் ஆட்டத்துக்கு டிக்கெட் மிஞ்சியதாக ஏட்டில் பதிவில்லை.

ஏட்டில் என்று சொல்லக் காரணம் உண்டு. 2021 வாக்கில் விற்காத டிக்கெட்டுகளை நன்கொடையாளர்கள் வாங்கி, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துத்தான் அந்தத் தொடர் அறுபடாமல் நின்றது. இதைக் கேலி பேசியவர்கள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறுபது வருஷப் பழக்கம் ஒன்று தன் காலத்தில் நின்றுபோனது என்ற பேரை எடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

ரசிகர்களின் இன்றைய நம்பிக்கையைப் புரிந்துகொள்ள ஒன்பது என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு போகலாம். 1969 முதல் 2001 வரை 33 ஆண்டுகள் தொடர்ந்து, ஆண்டுக்கு ஒன்பது வெற்றிக்குக் குறையாமல் ஆடிய அணி இது. பாப் டெவனி 1970, 1971 என்று அடுத்தடுத்து தேசியப் பட்டம் வாங்கித் தந்தார். அவருக்குப் பின் வந்த டாம் ஆஸ்போர்ன் 25 ஆண்டு பயிற்சியாளராக இருந்து 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன் என்று முடித்தார். அந்த 25-இல் ஒரு ஆண்டுகூட ஒன்பதுக்குக் கீழே போகவில்லை. கடைசி ஐந்து ஆண்டுகளில் 60 வெற்றி, 3 தோல்வி. 1994, 1995, 1997 என மூன்று பட்டம்.

இது எப்படி நடந்தது என்பதற்கு ஊர்க்காரர்கள் சொல்லும் விடை, உழைப்பு. அது பாதி விடை. கல்லூரி அணிக்குப் பிரத்தியேகமாக உடற்பயிற்சி நிபுணர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று 1969-இலேயே பாய்ட் எப்லியை நியமித்தார்கள். மற்றவர்கள் அதைக் காப்பியடித்து முடிக்க வருஷக்கணக்காயிற்று. உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து சேர்கிற உள்ளூர்ப் பையன்களை வாக்-ஆன் என்பார்கள். பண்ணை வீட்டுப் பிள்ளைகள், சின்ன ஊர்ப் பள்ளிகளில் ஆடியவர்கள் என்று அப்படி ஒரு பட்டாளமே நெப்ராஸ்காவில் இருந்தது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளியின் அசைவைப் பார்த்துக் கடைசி நொடியில் முடிவெடுக்கும் ஆப்ஷன் ஆட்டமுறைக்கு இந்த வகைப் பிள்ளைகள் தோது. பிறகு ஒவ்வொன்றாக நழுவியது. உதவித்தொகைக்கு 85 பேர் என்ற உச்சவரம்பு வந்தது. 1996-இல் டெக்சஸ் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பிக் 12 கூட்டமைப்பு உருவானபோது படிப்புத் தகுதி விதிகள் இறுகின. 2011-இல் அதையும் விட்டு பிக் டென் கூட்டமைப்புக்கு மாறியதில் பணம் வந்தது, டெக்சஸில் ஆள் பிடிக்கும் வழி அடைபட்டது. சோளக்காட்டு நடுவில் ஒரு வல்லரசு உருவானதற்கு இருந்த காரணங்கள் எல்லாமே காலாவதியாகிவிட்டன. ரசிகர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். கேட்டால் நம்மைவிட விவரமாகச் சொல்வார்கள். சொல்லி முடித்துவிட்டு, இந்த வருஷம் தடுப்பாட்ட வரிசை தேறிவிட்டது தெரியுமா என்பார்கள்.

2003-இல் ஃப்ராங்க் சோலிச் என்ற பயிற்சியாளர் ஒன்பது வெற்றி, மூன்று தோல்வியோடு ஆண்டை முடித்தார். டெவனியிடம் ஆடியவர், ஆஸ்போர்னின் உதவியாளராக இருந்தவர், அந்த வீட்டுப் பிள்ளை. அவரை நீக்கினார்கள். அணி சராசரியில் போய் நிற்பதை ஏற்க முடியாது என்பது நிர்வாகத்தின் வாதம். அடுத்த ஆண்டே 5–6. 1961-க்குப் பின் முதல்முறையாக வெற்றியைவிடத் தோல்வி அதிகம். டெக்சஸ் டெக் 70–10 என்று அடித்தது. ஆண்டிறுதிப் பௌல் ஆட்டங்களுக்கு 35 வருஷமாகத் தவறாமல் போய்க்கொண்டிருந்த அணி வீட்டில் உட்கார்ந்தது. பிறகு போ பெலினி வந்தார். ஏழு ஆண்டுகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒன்பது வெற்றி. 2014-இல் 9–3 என்ற நிலையில் அவரையும் அனுப்பினார்கள். அவருடைய வாய்த்துடுக்கும் ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது: ஒன்பது ஜெயிக்கிறார் சரி, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் ஜெயிக்கவில்லையே.

2017 முதல் 2023 வரை ஏழு ஆண்டு வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். இந்த ஏழில் ஒருமுறைகூட ஆறைத் தொடவில்லை. பௌல் ஆட்டத்துக்குத் தகுதி பெற ஆறு வேண்டும். ஒன்பது போதாது என்று இரண்டு பேரை அனுப்பிய ஊர், ஆறு கிடைக்குமா என்று நவம்பர் மாதக் குளிரில் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. இதை நியாயத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆணவம் பிடித்தது நிர்வாகத்துக்கும் பணம் கொடுப்பவர்களுக்கும். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் எதிரணி தோற்றுத் திரும்பும்போதுகூட எழுந்து கைதட்டி அனுப்புகிறவர்கள். தண்டனை மட்டும் இவர்களுக்கு.

நடுவில் ஒரு காவிய நாயகன் வந்தான். ஸ்காட் ஃப்ராஸ்ட். வுட் ரிவர் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அப்பா, அம்மா இருவருமே பள்ளிப் பயிற்சியாளர்கள், அம்மா 1968 ஒலிம்பிக்கில் வட்டெறிந்தவர். ஃப்ராஸ்ட் முதலில் கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனதை ஊர் மன்னிக்கவில்லை. திரும்பி வந்து ஆடியபோதும் முழுசாக ஏற்கவில்லை. 1997-இல் சென்ட்ரல் ஃப்ளோரிடாவுடன் நடந்த ஆட்டத்தில் சொந்த ரசிகர்களே அவருக்கு எதிராகக் கூச்சல் போட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் மிசூரியில், தோல்வி விளிம்பில் கடைசி வினாடிகளில் அவர் எறிந்த பந்து கைமாறித் தெறித்து, கீழே விழப்போன சக ஆட்டக்காரர் ஷெவின் விக்கின்ஸின் காலில் பட்டு மேலே எழும்பி, மாட் டேவிசன் என்ற முதலாண்டுப் பையன் கையில் புல்லுக்கு ஒரு விரற்கடை மேலே போய் உட்கார்ந்தது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 45–38 என்று முடிந்தது. அந்தக் காலுதை வேண்டுமென்றே செய்தது. விதிப்படி பார்த்தால் செல்லாது. இதை ஒரு நெப்ராஸ்காக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்தாரே தவிர மறுக்கவில்லை. அந்த ஆண்டு பட்டம் வந்தது, ஃப்ராஸ்ட் கதாநாயகர் ஆனார்.

20 வருஷம் கழித்து, தன்மீது கூச்சல் எழுந்த அந்த ஆட்டத்தின் எதிரணியான சென்ட்ரல் ஃப்ளோரிடாவைத் தோல்வியே இல்லாத 13–0-க்குக் கொண்டுபோன பயிற்சியாளராக அவர் பெயர் அடிபட்டது. நெப்ராஸ்கா அவரை அழைத்தது. இப்படி ஒரு கதையை யாராவது எழுதிக்கொண்டுவந்தால் செயற்கையாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஊர் நம்பிவிட்டது. நம்பாமல் எப்படி இருக்க முடியும்? முதல் ஆண்டு, முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. மொத்தத்தில் 16 வெற்றி, 31 தோல்வி.

ஒமாஹாவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்த ஆட்டங்களைத் தன் கார் ஷெட்டில் வைத்துத்தான் பார்ப்பார். தொலைக்காட்சியின் சத்தத்தை அணைத்துவிட்டு வானொலி வர்ணனையைக் கேட்பது அவருடைய பழக்கம். அங்கே பல பேருக்கு அப்படி. வானொலிக்காரன் நம்மாள், தொலைக்காட்சிக்காரன் ஊரான். இணையம் வழியாக வரும் படம் இப்போது வானொலியைவிட அரை நிமிஷம் பின்தங்கி வருகிறது. 2021 செப்டம்பரில் மிச்சிகன் ஸ்டேட்டுடன் நடந்த ஆட்டத்தை அவரோடு பார்த்தேன். நெப்ராஸ்கா 20–13 என்று முன்னால் இருந்தது. ஆட்டம் முடிய நாலு நிமிஷத்துக்கும் குறைவு. பந்தை உதைத்து எதிரணியிடம் தூரத்தில் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. வலது பக்கம் உதைப்பது என்று திட்டம். உதைப்பவரைத் தவிர மற்ற எல்லோரும் வலது பக்கம் ஓடினார்கள். பந்து இடது பக்கம் போயிற்று. அங்கே ஜேடன் ரீட் தனியாக நின்றிருந்தார். 62 கெஜம், தொட ஆளில்லாமல்.

வானொலி இதைச் சொல்லி முடித்தபோது திரையில் இன்னும் அணிகள் வரிசை கட்டி நிற்கவேயில்லை. பெரியவர் வானொலியை அணைக்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு, நடந்து முடிந்ததை நடப்பதற்கு முன்பாகப் பார்க்கத் தொடங்கினார். பந்து உதைபட்டதும் "வலது பக்கம், வலது பக்கம்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். அது இடது பக்கம்தான் போயிற்று. கூடுதல் நேரத்தில் 23–20 என்று தோற்றார்கள். விளைவு தெரிந்த பிறகும் ஒருவர் வாய்விட்டுச் சொல்லக்கூடிய அந்த "வலது பக்கம்" இருக்கிறதே, அதை மூடத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் வேறொரு முடிவை எதிர்பார்த்தார் என்றும் நினைக்கவில்லை. பக்கத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் பக்கத்தில் நின்றார். சாவு வீட்டில் இருந்துகொண்டு, மருந்து மாற்றிக் கொடுத்திருக்கலாமே என்று பேசிக்கொண்டிருக்கும் உறவுக்காரர்களை நமக்குத் தெரியும்.

2022 ஆகஸ்டில் டப்ளினில் முதல் ஆட்டம். 28–17 என்று முன்னிலையில் இருக்கும்போது, எதிரணி எதிர்பாராத நேரத்தில் பந்தைக் குட்டையாக உதைத்துத் தாங்களே பிடித்துவிடலாம் என்று ஃப்ராஸ்ட் துணிந்தார். பந்து நார்த்வெஸ்டர்ன் கைக்குப் போனது, ஆட்டமும் 31–28 என்று பின்னாலேயே போனது. அன்று அரங்கத்தில் பணம் செலுத்தும் கருவிகள் படுத்துவிட்டதால் பியரை இலவசமாகக் கொடுத்தார்கள். கடல் தாண்டிப் போன நெப்ராஸ்காக்காரர்களுக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான். இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்ன் லிங்கனுக்கே வந்து 45–42 என்று ஜெயித்தது. மறுநாள் ஃப்ராஸ்ட்டை நீக்கினார்கள். மூன்று வாரம் பொறுத்திருந்தால் தர வேண்டிய இழப்பீடு 1.5 கோடி டாலரிலிருந்து பாதியாகியிருக்கும். பொறுக்கவில்லை. அவர் பிறகு சென்ட்ரல் ஃப்ளோரிடாவுக்கே திரும்பிப் போனார்.

இந்த அணியின் நம்பிக்கையில் ஒரு கோளாறு இருப்பதாக எனக்குப் படுகிறது. அது முன்னால் பார்ப்பதில்லை. மீட்சி என்று அவர்கள் சொல்வது 1997-க்குத் திரும்பிப் போவதைத்தான். பழைய வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டால் பழைய வீடும் கூடவே வந்துவிடும் என்றுதான் ஃப்ராஸ்ட்டை அழைத்தார்கள். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இண்டியானா. கல்லூரிக் கால்பந்து வரலாற்றிலேயே தோல்வியில் முன்வரிசையில் நின்ற பல்கலைக்கழகம் அது, 2023-இல் 3–9. அங்கே திரும்பிப் போவதற்கு எந்தப் பொற்காலமும் இருக்கவில்லை. கர்ட் சிக்னெட்டி என்ற பயிற்சியாளர் வந்தார், தன் பழைய கல்லூரியிலிருந்து ஆட்டக்காரர்களைக் கையோடு கூட்டிவந்தார். ஆட்டக்காரர்கள் கல்லூரி விட்டுக் கல்லூரி மாறவும், தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் வழி திறந்துவிட்ட காலம் இது. ஒரே ஆண்டில் 11 வெற்றி, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் இடம். அந்த ஆண்டு அக்டோபரில், 5–1 என்று நிமிர்ந்து நின்ற நெப்ராஸ்கா இண்டியானாவுக்குப் போயிற்று. 56–7. நார்த்வெஸ்டர்னுக்கு 2021-இல் கொடுத்தது அதே எண்ணிக்கையில் திரும்ப வந்தது.

இண்டியானாவின் கதையைப் பார்த்து, ஆளையும் பணத்தையும் இறக்கினால் இரண்டு வருஷத்தில் எழுந்துவிடலாம் என்று சிலர் பேசுகிறார்கள். எழலாம்தான். ஒரு வருஷத்துக்கு வந்து மறு வருஷம் வேறு கல்லூரிக்குப் போய்விடும் பையன்களை வைத்து ஜெயித்தால் அது வெற்றிதான், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் நெப்ராஸ்காக்காரர்கள் கனவு காணும் வெற்றியில் பக்கத்து ஊர்ப் பண்ணையில் வளர்ந்த பையன் ஒருவனாவது இருப்பான். இருந்தாக வேண்டும். அந்தப் பையன் இல்லாமல் ஜெயித்தால் அவர்கள் மகிழ்வார்கள், ஆனால் மீட்சி என்று சொல்வார்களா என்பதில் எனக்குச் சந்தேகம்.

ஆஸ்போர்னின் பெயரை இங்கே இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருக்கிறது. 1984 ஜனவரி 2, ஆரஞ்ச் பௌல். தோல்வியே காணாமல் வந்த நெப்ராஸ்கா, மயாமியிடம் 17–0 என்று பின்தங்கி, ஊர்ந்து ஊர்ந்து, 48 வினாடி மிச்சமிருக்கும்போது 31–30 வரை வந்துவிட்டது. ஒரு புள்ளிக்கு உதைத்தால் சமன். அப்போது கூடுதல் நேரம் கிடையாது. சமன் செய்திருந்தாலே பட்டம் அநேகமாக அவர்களுக்குத்தான். ஆஸ்போர்ன் இரண்டு புள்ளிக்கு முயன்றார். டர்னர் கில் எறிந்த பந்து எதிராளி விரலில் பட்டுத் திசைமாறியது. பட்டம் போயிற்று. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் காத்திருந்து, அதே அரங்கத்தில் அதே மயாமியை 24–17 என்று வென்றுதான் ஆஸ்போர்ன் தன் முதல் பட்டத்தைத் தொட்டார். ஊரில் வயதானவர்கள் இந்தத் தோல்வியைச் சொல்லும்போது குரலில் வருத்தத்தைவிடப் பெருமிதம்தான் அதிகம் இருக்கும். பெரியவரின் கார் ஷெட்டில் மாட்டியிருப்பது 1997 அணியின் படம். ஆனால் அவர் பேச்செடுத்தால் 1984-க்குத்தான் போவார். பட்டங்களைப் பற்றி அவருக்குச் சொல்ல அதிகமாக ஒன்றுமில்லை, ஜெயித்தோம் என்பதைத் தவிர.

மாட் ரூல் 2022 நவம்பரில் பொறுப்புக்கு வந்தார். முதல் ஆண்டில் 5–3 என்று இருந்து, இன்னும் ஒன்று ஜெயித்தால் போதும் என்ற நிலையில் மிச்ச நாலையும் தோற்றார். நாலில் மூன்று 3 புள்ளி வித்தியாசம், ஒன்று கூடுதல் நேரம். கடைசித் தோல்வி அயோவாவிடம், கடைசி உதையில், 13–10. மறு ஆண்டும் கடைசி ஆட்டம் அயோவாவோடு, கடைசி உதையில், அதே 13–10. ஆனால் அதற்கு முந்தைய வாரமே விஸ்கான்சினை 44–25 என்று வென்று ஆறாவது வெற்றி வந்துவிட்டது. 2016-க்குப் பின் முதல் பௌல் ஆட்டம். நியூயார்க்கில், யாங்கீ ஸ்டேடியத்தில், பேஸ்பால் மைதானத்தில் கோடு போட்டு நடத்துகிற ஆட்டம். ஆரஞ்ச் பௌலுக்கே அலுத்துப்போயிருந்த ஊரிலிருந்து ஆயிரக்கணக்கில் டிசம்பர் குளிரில் அங்கே கிளம்பிப் போனார்கள். பாஸ்டன் காலேஜை 20–15 என்று, கடைசியில் கொஞ்சம் திணறி, ஜெயித்தார்கள். 7–6.

மறுநாள் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த பெரியவரிடம், ஏழு போதுமா என்று கேட்டேன்.

"இந்த வருஷத்துக்கு," என்றார்.